சத்தம் வராத பாலிஷ் மெஷின்

வீட்டில் தனக்கென்று ஒரு சத்தம் வேண்டும் என்று ஃபோர்மேன் முடிவு கட்டினார்.

ஃபோர்மேன் என்பது பழைய உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் தெரு அப்படித்தான் கூப்பிடுகிறது. வீட்டில் அவருக்கு ஒரே பெயர்: "ஏங்க!"

கொல்லைப்புற அறையில் அவர் ஒரு பட்டறை வைத்திருந்தார். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், அரம், துருப்பிடித்த பூட்டுகள். அரத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுப்பதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்துவிடும். "ஏங்க, குழாய் ஒழுகுது." "ஏங்க, மேல் அலமாரி டப்பாவை எடுங்க." "ஏங்க... ஒண்ணுமில்ல, இருக்கீங்களான்னு பார்த்தேன்."

காதில் விழவில்லை என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. அரம் தேய்த்து எவன் காது அடைத்திருக்கிறது?

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. பாலிஷ் மெஷின்! மேஜையில் முடுக்கி வைத்தால் இரண்டு பக்கமும் துணிச் சக்கரம் சுழலும். பித்தளை பளபளக்கும். அதைவிட முக்கியம், இரையும். இடி விழுந்தாலே கேட்காது, 'ஏங்க' எம்மாத்திரம்?

"எதுக்கு அது?" என்றாள் மனைவி.

"பூட்டு, கைப்பிடிக்கெல்லாம் பாலிஷ் போடத்தான்."

"இத்தனை வருஷம் எனக்குப் போட்ட பாலிஷ் போதாதா? சரி, நானும் கடைக்கு வரேன்."

கடைக்காரர் இரண்டு மெஷின்களை ஓடவிட்டார். முதலாவது ஓடுகிறதா என்றே தெரியவில்லை. அதன் தலையில் தண்ணீர் டம்ளரை வைத்துக் காட்டினார். சொட்டு அலுங்கவில்லை. இரண்டாவதைப் போட்டதும் கடைப் பலகையே ஆடியது. ஆணி டப்பா தானாக நடந்துபோய்க் கீழே குதித்தது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஃபோர்மேன் முகம் மலர்ந்தது. "இதுதான் மெஷின்!"

"அது மட்டமான சரக்குங்கய்யா. அதான் இந்த இரைச்சல்."

"உறுமலைப் பாரு தம்பி. பவர்!"

மனைவி ஒரு மரத்துண்டை எடுத்துச் சக்கரத்தில் வைத்து அழுத்தினாள். உறுமிய மெஷின் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. மற்றதிலும் வைத்து அழுத்தினாள். அது அவளைச் சட்டையே செய்யாமல் ஓடியது.

"குரைக்குது. கை வச்சா படுத்துக்குது. வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?"

கடைக்காரருக்கு இருமல் வந்தது.

"உனக்கு மெஷினைப் பத்தி என்னடி தெரியும்?"

"நீங்க சொன்னதுதான். 'சத்தம் போடுற மெஷினும் சத்தம் போடுற ஆளும் வேலைக்கு ஆகாது.' சோத்துல கை வச்சா இந்தப் பெருமைதானே? அது பொய்யா?"

பொய் என்றால் ஃபோர்மேன் உத்தியோகமே பொய். மெய் என்றால் போட்ட திட்டம் பாழ். திருடனுக்குத் தேள் கொட்டினது போல, சத்தம் வராத மெஷினுக்கே பணத்தை எண்ணி வைத்தார்.

"காதுக்கு மாட்டுற மூடி இருக்குமே, அதையாவது கொடு தம்பி."

"இதுக்கு அது தேவையே இல்லீங்கய்யா!" என்றார் கடைக்காரர் பெருமையாக. "கண்ணுக்குக் கண்ணாடி போட்டா போதும்."

"கேட்டுக்கிட்டீங்களா? கண்ணை மறைச்சா போதுமாம். காது திறந்தே இருக்கட்டுமாம்," என்றாள் மனைவி.

மறுநாள் காலை, கண்ணாடி மாட்டிக்கொண்டு மெஷினைப் போட்டார். அருமையான மெஷின். பூட்டில் முகம் தெரிந்தது. குழாய் சொட்டுவது கேட்டது. தாளிப்பு பொரிவது கேட்டது. வளையல் குலுங்குவது கேட்டது. வளையல் பக்கத்தில் வருவதும் கேட்டது.

மனைவி ஒரு நாற்காலியை இழுத்துவந்து போட்டாள். மடியில் உரிக்கப் பட்டாணி.

"அந்த இரைச்சல் பிசாசா இருந்தா இப்படிப் பக்கத்துல உக்காந்து பேச முடியுமா? உங்க திட்டம் புரியாமலா கடைவரைக்கும் வந்தேன்? அது கிடக்கட்டும். உங்க அக்கா இருக்காங்களே, அவங்க நம்ம கல்யாணத்தப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? முதல்லேருந்து சொல்றேன்..."

ஃபோர்மேன் மெஷினை நிறுத்தினார். அவள் நிறுத்தவில்லை.