சிவப்புக் கடையா, வெள்ளைக் கடையா?

விஸ்வேஸ்வரனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பதினாறு சக்கரக் கண்டெய்னர் லாரி ஒன்று டெலிபோன் ஒயர் வழியாக மட்டாஞ்சேரிக்கு வந்து, அவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நிற்குமாம். பெட்டி கிடையாது, சிடி கிடையாது. இன்டர்நெட்டிலேயே கடை, அமுக்கினால் கேம் வந்துவிடும். 2009-ல் மனுஷன் எங்கே போய்விட்டான் என்று நினைத்தபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இருபத்தைந்து வருஷமாக மிளகு மண்டியிலிருந்து லாரி லாரியாக மூட்டை ஏற்றி அனுப்பியவர் அவர். ஒரு ஸ்டியரிங்கையாவது தொட்டதுண்டா? வீட்டு ஸ்கூட்டரே அவர் பேச்சைக் கேட்காது.

மஸ்கட்டில் இருந்த மைத்துனன் ஷங்கர், கல்யாண நாள் பரிசாகத் தன் கார்டில் ஒரு கேம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தான். ஒன்றே ஒன்று. எந்தக் கடை என்று சொன்னால் போதும். லாரி ஓட்டும் கேம் இருந்தது, பக்கம் சிவப்பாக இருக்கும் இன்டர்நெட் கடையில். மனைவி திரிபுரசுந்தரி கண் வைத்திருந்ததோ, வெள்ளைப் பக்கக் கடையில் இருந்த, ஹோட்டல் நடத்தும் கேமின்மேல்.

"சிவப்புக் கடைதான் பெரிசாக்கும். லோகம் முழுக்க அங்கேதான் வாங்கறா."

"வாங்கட்டும். உங்க லாரி எறங்கி வர நம்ம நெட்டுல ரெண்டு நாளாகும். என் ஹோட்டல் அரை மணியில வந்துடும்."

"ஏண்டி, நாள் பூரா அடுக்களையில நிக்கறாய். கம்ப்யூட்டர்லயும் அடுக்களையா?"

"அங்கே நான் முதலாளியாக்கும்."

"சிவப்புக் கடையில வாங்கினா, கம்ப்யூட்டர் கெட்டாலும் கேம் நம்ம பேர்ல அங்கே பத்திரமா இருக்கும்."

"விளையாட ஒவ்வொரு தடவையும் நெட் வேணுமே? வெள்ளைக் கடையில ஒரு தடவை வாங்கினா போரும். மழை பெய்தா இங்கே நெட் இருக்குமோ, சொல்லுங்கோ!"

ஜன்னலுக்கு வெளியே ஜூலை மாதம் கொட்டிக்கொண்டிருந்தது. விஸ்வேஸ்வரன் பேச்சை மாற்றினார்.

"பகவதி தீர்மானிக்கட்டும். பூக்கட்டிப் பார்த்துடலாம்."

அந்த வீட்டில் தீராத வழக்கெல்லாம் பூவில்தான் தீரும். சிவப்புத் தெச்சிப்பூ ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம். பகவதி படத்தின் முன் வைத்து ஒன்றை எடுக்க வேண்டியது. எந்தப் பூவோ அந்தக் கடை. அப்பீல் கிடையாது.

பொட்டலம் கட்டும் பொறுப்பை விஸ்வேஸ்வரனே ஏற்றுக்கொண்டார். இரண்டு வாழையிலைத் துண்டிலும் தெச்சியையே வைத்துக் கட்டினார். பாவம்தான். ஆனால் பதினாறு சக்கரமாயிற்றே! கன்னத்தில் போட்டுக்கொண்டு படத்தடியில் வைத்தார்.

"ஏன்னா, குளிக்காமயா பகவதி முன்னாடி நிக்கறேள்? போங்கோ, குளிச்சுட்டு வாங்கோ!"

குளித்து, விபூதி பூசி, சாந்த சொரூபியாக வந்து நின்றார்.

"நீயே எடு, திரிபுரா. நான் எடுத்தா கள்ளம்னு சொல்லுவாய்."

திரிபுரசுந்தரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள்.

நந்தியாவட்டை. பால் மாதிரி வெள்ளை.

விஸ்வேஸ்வரனுக்கு மயிர்க்கூச்செடுத்தது. தன் கையால் வைத்த சிவப்புப் பூ! கட்டின இலைக்குள்ளே வெளுத்துவிட்டதே! லாரி மறந்துபோயிற்று. அப்படியே தரையில் விழுந்து நமஸ்கரித்தார். எழுந்ததும் மஸ்கட்டுக்கு அவரே போன் போட்டார்.

"வெள்ளைக் கடைடா, ஷங்கர்! பகவதி உத்தரவு!"

அரை மணியில் ஒயர் வழியாக ஹோட்டல் வந்து சேர்ந்தது. திரிபுரசுந்தரி கல்லாவில் உட்கார்ந்தாள். விஸ்வேஸ்வரனால் அதற்குமேல் மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"திரிபுரா, நான் ஒரு மகாபாவி. ரெண்டு பொட்டலத்துலயும் தெச்சிதான் வெச்சேன். பகவதி அதை வெள்ளையாக்கிட்டா! இந்த மாதிரி அற்புதம் யாருக்குக் கெடைக்கும்?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பகவதி இல்லை, நானாக்கும். நீங்கோ குளிக்கப் போனப்போ பிரிச்சுப் பார்த்தேன். ரெண்டுலயும் நந்தியாவட்டையை வெச்சுக் கட்டினேன்."

"ஸ்வாமி காரியத்துல கள்ளத்தனமா!"

"ரெண்டு பேருமேதான் பண்ணினோம். பகவதி ரெண்டையும் பார்த்துண்டுதானே இருந்தா? கடைசியில யார் பக்கம் நின்னா?"

விஸ்வேஸ்வரன் பகவதி படத்தைத் திரும்பிப் பார்த்தார். பூ வெளுத்ததைவிட இது பெரிய அதிசயமாக இருந்தது.

"சும்மா நிக்காதீங்கோ. மூணாம் டேபிள்ல ஆள் வந்து உக்காந்தாச்சு. மவுஸைப் பிடிச்சுத் தண்ணி கொண்டுபோய் வையுங்கோ."