மொண்டி அண்ணனின் இரண்டு எழுத்துகள்

முகம் மழிக்கப் போனவனுக்கு ஐரோப்பிய அரசியலையும் புகட்டி அனுப்பும் சலூன் உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. அது இலங்கையின் மலையகத்தில், லுணுகலை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. நடத்துபவர் மொண்டி அண்ணன்.

பேரைக் கேட்டு நொண்டி என்று நினைக்க வேண்டாம், கால் நன்றாகத்தான் இருக்கிறது. மொண்டெனேகுரோ என்ற நாட்டில், கடற்கரை ஹோட்டல் ஒன்றில் ஆறு வருடம் தட்டுக் கழுவிவிட்டு வந்தவர். அந்த நாட்டின் முழுப்பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, பாதியோடு நிறுத்திக்கொண்டோம். அவருடைய பிடிவாதத்துக்கும் அது பொருந்திப் போனது.

கன்னத்தில் நுரை ஏறியதும் பாடம் தொடங்கும். கத்தி தொண்டையில் இருக்கும்போது யார் எழுந்து போவது? அந்த ஹோட்டல் சமையல்காரி அந்த ஊர்க்காரி. பரிமாறுகிறவர் பக்கத்து நாடான செர்பியாவிலிருந்து வந்தவர். ஒருவர் பேசுவது மற்றவருக்கு முழுக்க விளங்கும். ஆனால் "நீ பேசுறதும் செர்பிய மொழிதானே" என்று அவர் சொல்லிவிட்டால், அன்றைக்கு அவர் சூப்பில் உப்பு இருக்காது. எங்கள் மொழிக்கு எங்கள் நாட்டின் பெயர்தான், அதில் இரண்டு எழுத்து கூடுதலாகவே இருக்கிறது என்பாராம் அந்த அம்மா. அந்த இரண்டையும் அண்ணன் சவர நுரையால் கண்ணாடியில் எழுதிக் காட்டுவார். ஒன்று குழந்தையை அதட்டும் 'ஷ்' மாதிரி. மற்றது ஜன்னலில் மாட்டிய வண்டு மாதிரி.

இரண்டு எழுத்துக்காகத் தனி மொழியா என்று ஒரு பாடசாலை அதிபர் கேட்டுவிட்டார். அண்ணன் கத்தியை நிறுத்தினார்.

"ஒங்க பேர்ல ஒரே ஒரு எழுத்த மாத்திக் கூப்பிடவா சார்?"

விவாதம் முடிவதற்குள் பதுளை பஸ் வந்துவிட்டது. அதிபர் ஒரு கன்னத்தில் தாடியோடு ஏறிப் போனார்.

அண்ணனும் நானும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே வரிசையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். குடிசன மதிப்பீட்டுக்கு ஓர் இளம்பெண் படிவத்தோடு வந்தபோது நானும் வாசலில்தான் நின்றேன். இனம் என்ற கட்டத்தில் இந்தியத் தமிழ் என்று போடவா என்று கேட்டார்.

"இந்தியாவுக்கு நான் போனதே இல்லங்க மிஸ். மொண்டெனேகுரோவுக்குத்தான் போயிருக்கேன். வேணும்னா அதப் போடுங்க."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. தன் அப்பாவையும் அவருடைய அப்பாவையும் இந்தத் தேயிலைக்கு அடியில்தான் புதைத்திருக்கிறோம் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தச் சமையக்காரம்மாவுக்கு அவங்க பேரச் சொல்ல ஒரு நாடே இருக்கு. எனக்கு இந்தக் கட்டம் மட்டுந்தான் இருக்கு. மலையகத் தமிழ்னு எழுதுங்க."

எழுதினார். அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி போடச் சொன்னார்.

போன மாதம் கொழும்பில் ஒரு துணிக்கடையில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, இந்தியாவா என்று விசாரித்தார்கள். வழக்கமாக இளித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்றைக்கு, இல்லைங்க, மலையகம், லுணுகலைப் பக்கம் என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் அண்ணனுக்கு போன் போட்டு அதைச் சொன்னேன். ஊருக்கே பாடம் எடுக்கிற மனுஷன், நான் கடையில் சொன்னதை அப்படியே இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அப்புறம் மெதுவாகக் கேட்டார், சாப்பிட்டியாப்பா என்று.