சூரினாமுக்கு நாங்கள் காடு வளர்த்த வரலாறு

உலகத்தில் காடுகள் குறைந்துகொண்டே வருகின்றன என்று புலம்புகிறவர்கள் யாரும் திருச்சி மன்னார்புரம் பக்கம் வந்ததில்லை. தென் அமெரிக்கக் கண்டத்தின் அத்தனை நாடுகளுக்கும் ஒரே பங்குனி மாதத்தில், ஒரு சொட்டு மழை இல்லாமல், காடு வளர்த்துக் கொடுத்த பெருமை எங்கள் தெருவுக்கே உரியது. அதிலும் சூரினாம் நாட்டுக்கு மூன்று முறை காடு வளர்த்தவன் நான். தன்னடக்கம் கருதி இத்தனை நாள் வெளியே சொல்லாமல் இருந்தேன்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆறாம் வகுப்பு மாணவர்கள் ஆளுக்கொரு தென் அமெரிக்க நாட்டை எடுத்துக்கொண்டு, அங்கே எவ்வளவு காடு இருக்கிறது, எவ்வளவு அழிகிறது என்று கண்காட்சிக்கு மாடல் செய்ய வேண்டும். ‘பெற்றோர் உதவக் கூடாது’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எனவே பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பிவிட்டுப் பெற்றோர் வேலையில் இறங்கினோம்.

என் மகள் ஜெஸ்லினுக்குச் சீட்டுக் குலுக்கலில் சூரினாம் விழுந்தது. அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் அந்த நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காடுதான் என்று தெரிந்ததும் என் மனைவி லின்சி கேசரி கிளறினாள். எதிர்வீட்டு பீமராவுக்குப் பிரேசில். ‘அமேசான்னா சும்மாவா?’ என்று மனிதர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார். பக்கத்து வீட்டு அனுசுயா மேடத்தின் மகனுக்குத்தான் அநியாயம் நடந்துவிட்டது. அவனுக்கு உருகுவே. மேடம் நேரே வகுப்பாசிரியை ஆஃப்ரின் மிஸ்ஸிடம் போனார். துணைக்கு நானும் போனேன்.

“மிஸ், எல்லாருக்கும் காட்டைக் குடுத்துட்டு என் பையனுக்கு மட்டும் உருகுவேயா? பத்து பர்சன்ட் சொச்சம்தான் காடாம். மிச்சமெல்லாம் வெறும் புல்லு. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?”

“மேடம், அந்த நாட்டுல அவ்வளவுதாங்க இருக்கு.”

“கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க மிஸ். ஃபீஸ் எல்லாரும் ஒரே மாதிரிதானே கட்டறோம்?”

ஆஃப்ரின் மிஸ் பெருமூச்சு விட்டு, ‘கருணை அடிப்படையில்’ உருகுவேயின் காட்டை ஐம்பது சதவீதமாக உயர்த்தினார். ஒரு நாட்டின் பசுமையை ஒரே மூச்சில் இத்தனை மடங்கு பெருக்கிய ஆட்சியாளர் அந்தக் கண்டத்திலேயே கிடையாது.

சுற்றறிக்கையில் இன்னொரு விதியும் இருந்தது. சுற்றுச்சூழல் நலன் கருதி பிளாஸ்டிக் இலை, தெர்மாகோல் எதுவும் கூடாது. எல்லாம் ‘இயற்கைப் பொருட்கள்’. மகத்தான விதி! அடித்தளத்துக்கு ப்ளைவுட் வாங்கினோம். காட்டுக்குத் தெருமுனையில் ஒரு வேப்பமரம் தயாராக நின்றது. வேப்பங்குச்சியை ஒடித்துக் களிமண்ணில் நட்டால் அசல் மரம் மாதிரியே இருக்கும். அந்த மரத்தடியில்தான் பொன்னுத்தாய் என்ற அம்மா இஸ்திரி வண்டி போட்டிருந்தார். தெருவே அவர் தேய்த்த சட்டையில்தான் ஆபீஸ் போகும்.

பீமராவ் துரட்டியோடு வந்தார். நான் ஏணியோடு போனேன். பெரு, பொலிவியா, கொலம்பியா எல்லாம் பைக்கில் வந்து இறங்கின.

“என்னங்க சார், ஆளாளுக்கு வந்து ஒடிக்கிறீங்க?” என்றார் பொன்னுத்தாய். “நிழல் போச்சுன்னா நான் எப்படிங்க நிக்கிறது? பெட்டிக்குள்ள நெருப்பு, தலைக்கு மேலயும் நெருப்பா?”

“இது நமக்காக இல்லைம்மா. தென் அமெரிக்காவுல காடு அழியுது.”

“அங்க அழிஞ்சா இங்க எதுக்குங்க ஒடிக்கிறீங்க?”

“விழிப்புணர்வு” என்றேன்.

அவர் வண்டியை மிச்சமிருந்த நிழலுக்குள் தள்ளிக்கொண்டார்.

கண்காட்சிக்கு முதல் நாள் காடுகள் பச்சைப்பசேலென்று தயாராகிவிட்டன. அப்போதுதான் சிறப்பு விருந்தினர் ஸ்ரீரங்கத்திலிருந்து போன் செய்தார். ‘பசுமைச் செம்மல்’ வரதாச்சாரி என்றால் மேடைகளில் பிரசித்தம். “அடியேனை க்ஷமிக்கணும். இங்கிலீஷ் காலண்டரைப் பாத்து ஒத்துண்டுட்டேன். நாளைக்குப் பங்குனி உத்திரம், பெருமாளும் தாயாரும் ஒண்ணா எழுந்தருள்ற சேர்த்தி சேவை. வருஷத்துக்கு ஒருதரம்தான் கிடைக்கும்” என்றாராம். உடனே பள்ளியிலிருந்து செய்தி வந்தது: ‘கண்காட்சி தள்ளிவைக்கப்படுகிறது. பெற்றோர் தத்தம் காடுகளைப் புதுப்பித்துக்கொள்ளவும்.’

மறுநாள் பார்த்தால் சூரினாம் வெறும் சருகாகக் கிடந்தது. மறுபடி ஏணி, மறுபடி துரட்டி. இதற்கு ‘மறுவனமாக்கல்’ என்று பெயர். இரண்டாம் முறை விருந்தினர் திருவெறும்பூரில் மரக்கன்று நடப் போய்விட்டார். போன வருடம் நட்ட அதே குழியில் இந்த வருடமும் நடவேண்டியிருந்ததாம். மூன்றாம் முறை கீழ்க்கிளைகள் தீர்ந்துவிட்டதால் பீமராவ் உச்சிக்கிளையை அரிவாளால் சாய்த்தார். அதை அமேசானுக்கும் சூரினாமுக்கும் சமமாகப் பிரித்தோம். அனுசுயா மேடம் விடவில்லை, உருகுவேக்கு நுனிக்கொழுந்தை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார். மரம், குச்சி குச்சியாகக் கையை விரித்துக்கொண்டு நின்றது.

கண்காட்சி அன்று காலை சட்டையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். பொன்னுத்தாய் கரியைக் கீழே கொட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். முகம் கன்றிப்போயிருந்தது.

“ஒரே ஒரு சட்டைம்மா. ப்ரைஸ் வாங்கணும்.”

“முடியாதுங்க சார். நேத்து மயக்கம் போட்டு விழுந்துட்டேன். யாரோட புடவையோ தெரியல, பெட்டி பட்டுப் பொசுங்கிப் போச்சு. மன்னார்புரம் பாலத்துக்கு அடியில போறேன்.”

“அங்க ஒரே புகையும் சத்தமுமா இருக்குமேம்மா?”

“இருக்கட்டுங்க. அந்த நிழலை யாரும் பறிச்சுட்டுப் போக மாட்டீங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு கண்டத்துக்கே காடு வளர்க்கிற தெருவைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? கசங்கிய சட்டையோடு விழாவுக்குப் போனேன்.

விழா ஏ.சி. ஹாலில் நடந்தது. வரதாச்சாரி காடுகளைச் சுற்றி வந்து கண்ணீர் மல்கினார். “அமேசானை நேர்ல சேவிச்ச மாதிரி இருக்கு! இப்பேர்ப்பட்ட வனத்தை அழிக்கிறவாளுக்கு மனசாட்சி உண்டோ?” என்று கேட்டார். பெற்றோர் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு ஜெஸ்லினிடம், “காட்டை யார் அழிக்கிறா, சொல்லு பாப்போம்?” என்றார். நான் எழுதிக்கொடுத்ததை அவள் பிசகாமல் ஒப்பித்தாள்: “பேராசை பிடித்த வெளிநாட்டுக் கம்பெனிகள்.” யார் மனமும் நோகக் கூடாது என்பதால் எல்லா நாட்டுக்கும் முதல் பரிசு. குடும்பத்துக்கு ஒரு ‘வன மித்ரா’ சான்றிதழ்.

அன்று சாயங்காலமே பள்ளிக்குப் பின்னால் கண்டம் முழுவதையும் குவித்துக் கொளுத்தினார்கள். ப்ளைவுட் கனம் என்பதால் பிரேசில்தான் ரொம்ப நேரம் எரிந்தது.

தெருமுனை மரம் அதற்குப் பிறகு துளிர்க்கவில்லை. நிழல் தராத மரம் கேபிள் வயருக்கு ஆபத்து என்று தெருச் சங்கத்தில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டு அடியோடு வெட்டிவிட்டோம். அமேசானை அழிக்கிறவர்கள் கெட்டிக்காரர்கள், தங்கள் பெயர் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் அந்த ஒளிவுமறைவே கிடையாது. மரத்தை அழித்த அத்தனை பேருடைய பெயரும், குடும்பப் புகைப்படத்தோடு, லேமினேட் செய்யப்பட்டு வீட்டுக்கு வீடு ஹாலில் தொங்குகிறது.