நானே எழுதிய ஏழாவது விதி

இந்தப் பருவத்தில் எந்த மாணவனும் என்னை ஏமாற்ற முடியாது என்று ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கும்போது, சபதம் செய்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் என் மனைவி காதில் சரியாக விழவில்லை. விழுந்திருந்தாலும் சிரித்திருப்பாள்.

நான் கல்லூரி ஆசிரியன். நாடகம் என்று ஒரு விருப்பப் பாடம் நடத்துகிறேன். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பாடம், என் செல்லப்பிள்ளை. அதற்குத்தான் ஆபத்து வந்துவிட்டது. போன பருவத்துப் பாடத்திட்டத்தில் விதிமுறைகள் என்ற இடத்தில், 'கட்டுரைகளை உரிய காலத்தில் தர வேண்டும். தவறினால் தக்க நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதியிருந்தேன். படிக்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் உரிய காலம் எது சார் என்று பாதி வகுப்பு, பருவமே முடிந்த பிறகு வந்து கேட்டது. அழுதவர்களுக்கெல்லாம் மதிப்பெண் போட்டேன். அழத் தெரியாதவர்கள் புகார் எழுதினார்கள்.

துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார்.

"விதிமுறையை இந்தத் தடவையாவது தெளிவா எழுதுங்க. இன்னொரு புகார் வந்தா பாடம் ஸ்கேலுக்குப் போயிடும்."

ஸ்கேல் என்பது பக்கத்து அறை ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர். தன் கையெழுத்துக்கே ஸ்கேல் வைத்து அடிக்கோடு போடுகிற மனிதர். அவரிடம் நாடகம் போனால் கதாநாயகனும் கதாநாயகியும் மேடையில் உயரவாரியாக நின்றுதான் காதலிக்க வேண்டும்.

வீட்டில் வேறு வழக்கு. எங்கள் பின்னறை முழுக்க என் பழைய விடைத்தாள் கட்டுகள், அட்டைக் கிரீடங்கள், மரக்கத்திகள், ஒரு பொய்த்தாடி. அந்த அறையை என் மனைவி கேட்கிறாள். அவள் காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் இருக்கிறாள். பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கிறாள், பாவம், அடுப்பு மேடை ஓரத்தில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு. நானும் ஒவ்வொரு தடவையும் "சீக்கிரம் காலி பண்ணிடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிடுவேன். கொடுப்பதில் எனக்கு ஈடு கிடையாது.

இந்தத் தடவை எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கல்லூரி வழக்கைக் காட்டி வீட்டு வழக்கைத் தள்ளிப்போட்டால் என்ன?

"ஏங்க, அந்த ரூமு..."

"என் பாடமே கைவிட்டுப் போகப் போகுது, நீ ரூமைப் பத்திப் பேசறே! விதிமுறை எழுதி முடிக்கற வரைக்கும் எனக்கு வேற நினைப்பே கிடையாது."

"அப்படியா? கொடுங்க, நான் பாக்கறேன்."

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். எழுதி வைத்திருந்த கத்தையை நீட்டினேன். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள்.

"'தவிர்க்க முடியாத காரணம் இருப்பின் விலக்கு உண்டு'. சரி, இப்ப நான் மாணவன். சார், எங்க மாமா பொண்ணுக்குக் கல்யாணம் சார்."

"அதெல்லாம் ஒரு காரணமா? போ போ."

"மாப்பிள்ளையே நான்தான் சார்."

யோசித்தேன். "சரி, ரெண்டு நாள் எடுத்துக்கோ."

"சார், கம்ப்யூட்டர் செத்துப் போச்சு சார்."

"அடடா. சரி, திங்கட்கிழமை கொடு."

"சார்... மனசே சரியில்ல சார்."

அதை அவள் சொன்ன தினுசில் அவள் என் மனைவி என்பதே எனக்கு மறந்துபோனது. "ஒரு வாரம் எடுத்துக்கோப்பா. சாப்பிட்டியா?"

பேனாவைக் கீழே வைத்தாள். "ஓட்டை விதியில இல்லீங்க. நீங்கதான் ஓட்டை."

"அப்ப என்னதான் பண்றது?"

"காரணமே கேக்காதீங்க. எல்லாருக்கும் ஒரே ஒரு தடவை ரெண்டு நாள் அவகாசம். கேட்டாக் கிடைக்கும். யாரும் அழ வேண்டாம், யாரும் தாத்தாவைச் சாகடிக்க வேண்டாம். அதுக்கு மேல நாளுக்கு எத்தனை மார்க் குறையும்னு எழுதிடுங்க. என்ன கிழமை, எத்தனை மணின்னும் எழுதுங்க. 'உரிய', 'தக்க', 'சீக்கிரம்', இதெல்லாம் ஏமாத்தற வார்த்தை. ஒத்துக்கறீங்களா?"

"நூத்துக்கு நூறு ஒத்துக்கறேன்!"

அவள் எழுதினாள். என் கத்தை ஒரே பக்கமானது. ஆறே விதி. ஒவ்வொன்றும் குழந்தைக்குக்கூடப் புரியும், வக்கீலாலும் உடைக்க முடியாது. எனக்குப் பொறாமையாக இல்லை. பெருமையாக இருந்தது. இப்படி ஒரு மூளையை அடுப்பு மேடை ஓரத்தில் வைத்திருக்கிறோமே என்று ஒரு நொடி உறுத்தவும் செய்தது. அதைச் சமாளித்துக்கொண்டேன்.

ஆனாலும் என் பாடத்துக்கு என் பங்கு ஒன்று வேண்டாமா? வகுப்பில் ஒவ்வொரு பிரதியிலும் நான் கையெழுத்துப் போட வேண்டும், மாணவனும் போட வேண்டும். அதனால் பேனாவைப் பிடுங்கி ஏழாவது விதியை நானே எழுதினேன். 'இந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்ற சாக்கு, யார் சொன்னாலும் ஏற்கப்படாது.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். "ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க."

கல்யாணமான நாளாக இப்படி ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மாலை அவளே பிரதிகள் எடுத்து வந்தாள். "டீ ஆறிடும், குடிச்சுக்கிட்டே கையெழுத்துப் போடுங்க." குடித்துக்கொண்டே, ஸ்கேலைக் கிண்டல் செய்துகொண்டே, கத்தை முழுக்கப் போட்டு முடித்தேன்.

துறைத்தலைவர் படித்துவிட்டு எழுந்து கை கொடுத்தார். பாடம் தப்பியது. ஸ்கேலே வந்து, "இந்த விதிமுறையில எனக்கும் ஒரு பிரதி கிடைக்குமா?" என்று கேட்டார். அதைவிடப் பெரிய விருது உலகத்தில் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

பின்னறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'இந்த அறை ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் காலி செய்து தரப்படும். ஆறு மணிக்கு மேல் இதில் இருப்பதெல்லாம் பழைய பேப்பர்காரருக்கு.' கீழே கொழுகொழுவென்று என் கையெழுத்து. ஓரத்தில் டீக்கறை.

"என்னம்மா இது அநியாயம்! நான் படிக்காமப் போட்டுட்டேன்!"

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஏழாவது விதி என்னங்க?"

சட்டென்று ஒரு பொறி தட்டியது. "ரெண்டு நாள் அவகாசம் இருக்கே! காரணமும் கேக்கக் கூடாது!"

"கேக்கலையே. முதல்ல வெள்ளிக்கிழமைன்னுதான் எழுதினேன். நீங்க எப்படியும் கேப்பீங்கன்னு அந்த ரெண்டு நாளையும் சேத்துத்தான் ஞாயிறுன்னு போட்டேன்."

கடைசி அஸ்திரம். குரலைத் தாழ்த்தினேன். "மனசே சரியில்லம்மா..."

"நான் உங்களை மாதிரி ஓட்டை இல்லீங்க."

கதவில் சாய்ந்துகொண்டு அந்தத் தாளை மறுபடி படித்தேன். ஒரு சொல் கூடுதல் இல்லை, ஒரு சொல் குறைவு இல்லை. அடிப்பாவி, என்ன மூளை! இவள் பரீட்சையில் தேறாவிட்டால் வேறு எவள் தேறுவாள்? தேறட்டும், மகராசி. பொய்த்தாடியை எடுத்து ஒரு தடவை மோவாயில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டேன்.

"சரி, அட்டைப்பெட்டி ஏதாவது கிடைக்குமா?"

"கதவுக்குப் பின்னாடி இருக்கு பாருங்க. நீங்க ஏழாவது விதி எழுதினீங்களே, அப்பவே கடையில சொல்லி வச்சுட்டேன்."