கந்தையாவுக்கும் அருளப்புவுக்கும் மெரியில் கலியாணம்

பிரெஞ்சுப் படிவம் நிரப்பத் தெரியும் என்று நான் சொல்லித் திரிந்ததற்கு இன்றைக்கும் மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கில்லை. என்னிடம் நிரப்பிக்கொண்ட நாற்பது ஐம்பது பேரில் ஒருவரையும் நாடு கடத்தவில்லை. அவர்களுடைய பெயர்கள்தான் கொஞ்சம் மாறிப் போயின. (கொஞ்சம் என்பது என் கணிப்பு. அவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள்.)

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிஸில், லா சப்பலில் எங்கள் ஆட்களின் கடைகளை விரல்விட்டு எண்ணலாம். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் முனையில் இருந்த ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கம், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பேனாவோடு உட்கார்ந்திருப்பேன். மற்ற நாட்களில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். என்னுடைய பிரெஞ்சு முழுவதும் அங்கே தலைமைச் சமையற்காரரிடம் கற்றது. அதில் பாதியை மரியாதையான இடங்களில் பேச முடியாது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் நான் லா சப்பலின் மொழி அறிஞனாக உலாவினேன்.

எந்தப் படிவத்திலும் முதலில் வருவது இரண்டு கட்டங்கள். ஒன்று 'நோம்', மற்றது 'பிரேநோம்'. என்னிடம் ஒரு சின்ன அகராதி இருந்தது. 'நோம்' என்றால் பெயர். 'பிரே' என்றால் முன். ஆகவே 'பிரேநோம்' என்றால் முன்னால் வரும் பெயர். எங்களில் முன்னால் வருவது யாருடைய பெயர்? அப்பாவின் பெயர்! இதைக் கண்டுபிடித்த அன்று நான் இரண்டு தேநீர் குடித்தேன். அன்றிலிருந்து எல்லோருடைய அப்பாவையும் 'பிரேநோம்' கட்டத்தில் ஏற்றினேன். பிரெஞ்சுக்காரர் அந்தக் கட்டத்தில் எழுதுவது ஆளின் சொந்தப் பெயரை, 'நோம்' கட்டத்தில் எழுதுவது குடும்பப் பெயரை என்று எனக்குச் சொல்ல அங்கே எவரும் இல்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.

சொல்ல முயன்ற ஒரே ஆள் றெஜினா. மன்னாரிலிருந்து வந்து, பாரிஸுக்கு வெளியே எபினே-சூர்-செய்னில் தன் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தாள். அகதி விண்ணப்பம் நிரப்ப என்னிடம் வந்தவள், நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணை, அந்தக் கட்டத்திலை என்ர பேரெல்லோ வரவேணும்?"

"தங்கச்சி, நீர் வந்து எவ்வளவு காலம்?"

"மூண்டு கிழமை."

"நான் வந்து ரெண்டு வருசம். இதுகளை என்னட்டை விடும்."

விட்டாள். இப்படியாக, நான் காதலித்த பெண்ணுக்கு நான் முதன்முதலில் செய்த உதவி, அவளுடைய தகப்பன் அருளப்புவின் பெயரை அவளுக்குச் சூட்டியது. அகதி அட்டை வந்தபோதும் பிழை தெரியவில்லை. அலுவலகங்களில் குடும்பப் பெயரைச் சொல்லித்தானே கூப்பிடுவார்கள்? "மத்மொசெல் றெஜினா" என்றார்கள். என்னை "மெசியே சிவநேசன்" என்றார்கள். எல்லாம் சரியாகவே கேட்டது.

('அண்ணை' என்ற சொல் இரண்டு மாதத்தில் தானாகவே நின்றுவிட்டது.)

கலியாணப் பேச்சு எழுந்ததும் இரண்டு கடிதங்கள் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து என் அப்பா கந்தையா, வேதக்காரப் பெட்டையை, அதாவது கிறிஸ்தவப் பெண்ணை, கட்டினால் தனக்கு மகன் இல்லை என்று எழுதியிருந்தார். மன்னாரிலிருந்து அருளப்பு, சைவக்காரனைக் கட்டினால் தனக்கு மகள் இல்லை என்று எழுதியிருந்தார். இருவரும் பேசிவைத்து எழுதியதுபோல் இருந்தது. றெஜினாவின் சித்தப்பா இன்னும் வேகமான மனிதர். லண்டனிலிருந்து ஒரு மாப்பிள்ளையை அடுத்த மாதம் வரச் சொல்லியிருந்தார்.

நான் நாட்காட்டியில் நாட்களை எண்ணத் தொடங்கினேன். றெஜினா எண்ணவில்லை.

"மெரியிலை எழுதுவம்" என்றாள். "அங்கை சாமியும் இல்லை, தேப்பனும் இல்லை."

மெரி என்பது நகரமன்றம். இந்த நாட்டில் கோயிலிலோ தேவாலயத்திலோ எங்கே தாலி கட்டினாலும், முதலில் மெரியில் பதிந்தால்தான் அது கலியாணம். பிறப்புச் சான்று, தனி ஆள் என்பதற்குச் சான்று, இருப்பிடத்துக்குச் சான்று எல்லாம் சேர்த்தோம். அத்தனை படிவத்தையும் நானே நிரப்பினேன். பிறகு, யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று ஊர் பார்ப்பதற்காக எங்கள் பெயர்களைப் பத்து நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்: 'கந்தையா சிவநேசன் – அருளப்பு றெஜினா.' அப்பா பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். எங்கள் வழக்கப்படி ஒரு குறையும் இல்லை. வேலைக்குப் போகும் வழியில் தினமும் நின்று வாசித்தேன். என்னைப்போல் வேறு யாரோ சிலரும் வாசித்துச் சித்தப்பாவுக்குச் சொல்லிவிட்டார்கள்.

சாட்சிக்கு றெஜினாவின் தோழி ஒருத்தி. என் பக்கம் லூயி அண்ணை, புதுச்சேரிக்காரர், இருபது வருடமாகப் பாரிஸில் தபால் பிரிக்கிறவர். கலியாணத்துக்கு முதல் நாள் அவர் கேட்டார்:

"தம்பி, மெரியில நான் விளக்கமா எக்ஸ்ப்ளிகே பண்ணட்டுமா? உனக்கு அவங்க பேசுற பிரெஞ்சு புரியுமா?"

"அண்ணை, நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கோ. கதைக்கிற வேலை என்ர."

சனிக்கிழமை காலை. உணவகத்துப் பரிசாரகர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டில் நான். மஞ்சள் சேலைக்கு மேல் தோழியின் குளிர்ச் சட்டையில் றெஜினா. எபினேயிலிருந்து ஒரு பையோடு வந்திருந்தாள். திரும்பிப் போக அவளுக்கு வீடில்லை. மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்ததும் பின்னால் கதவு திறந்தது. சித்தப்பா. கடைசி வரிசையில் இருந்து, கைகளைக் கட்டிக்கொண்டார்.

நீலம் வெள்ளை சிவப்புப் பட்டி அணிந்த துணை மேயர் அம்மா எழுந்தார். அன்பான பெண்மணி. வெறும் சட்டத்தை மட்டும் வாசித்து எங்களை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. தூரத்திலிருந்து வந்த பிள்ளைகள் என்று, உரிமையோடு முதற்பெயர் சொல்லித் தொடங்கினார்.

"அன்பான கந்தியா! அன்பான அருலாப்பூ!"

நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன். அப்பா வந்துவிட்டாராக்கும் என்று உண்மையாகவே நினைத்தேன்.

"கந்தியா, அருலாப்பூ, நீங்கள் ஒருவரையொருவர் தெரிந்தெடுத்திருக்கிறீர்கள்..."

கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று விழுந்தது.

"நிப்பாட்டுங்கோ! அருளப்பு என்ர அண்ணை!" சித்தப்பா நடுவழிக்கு வந்துவிட்டார். துணை மேயருக்கு விளங்கவேண்டும் என்று பிரெஞ்சுக்கு மாறினார். "அருளப்பு, மோன் ஃப்ரேர்! மெசியே, மதாம்! மெசியே!"

அருளப்பு தன் சகோதரன், அதுவும் ஆண்பிள்ளை என்கிறார். எழுதிக்கொண்டிருந்த செயலாளரின் பேனா நின்றது. துணை மேயர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், றெஜினாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

கதைக்கிற வேலை என்னுடையது அல்லவா? எழுந்தேன்.

"நோன், மதாம். அருளப்பு, பாப்பா. கந்தையா, பாப்பா."

இரண்டும் அப்பாமாரின் பெயர்கள் என்று சொன்னதாக என் நினைப்பு. துணை மேயரின் பார்வை மெதுவாக இறங்கி, றெஜினாவின் வயிற்றில் வந்து நின்றது. முகம் கனிந்தது. குழந்தை வரப்போவதற்குத் தன் வாழ்த்துகள் என்றும், ஆனால் இப்போதைய பிரச்சினை அதுவல்ல என்றும் சொன்னார். அதை லூயி அண்ணை மொழிபெயர்த்தார். கேட்காமலே மொழிபெயர்த்தார், பாவி.

"வயித்திலையோ?" சித்தப்பாவின் குரல் கூரையில் பட்டுத் திரும்பியது.

றெஜினா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ. லூயி அண்ணை கதைக்கட்டும்."

இருந்தேன். (அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.) லூயி அண்ணை, எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதிலிருந்து தொடங்கி, அரிசி மூட்டை, அகராதி, என் ஆராய்ச்சி வரை விளக்கினார். துணை மேயர் கோப்பைப் புரட்டினார். பிறப்புச் சான்றில் தகப்பன் பெயர் அருளப்பு என்று இருந்தது. அவர் சித்தப்பாவை அருகே அழைத்தார்.

"நீங்கள் அருலாப்பூவின் சகோதரரா?"

"வுய்!" கடைசியில் ஒருவராவது தன்னிடம் கேட்கிறாரே என்று சித்தப்பா நெஞ்சை நிமிர்த்தி ஆமென்றார்.

"இந்தப் பெண் அவருடைய மகளா?"

"வுய்!"

"இவளுடைய சொந்தப் பெயர் றெஜினாவா?"

"வுய், வுய், மதாம்!"

"நன்றி. மணப்பெண் யார் என்பதில் இனி எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் அமரலாம்."

கலியாணத்தை நிறுத்த வந்தவர் கலியாணப் பெண்ணை அடையாளம் காட்டிக் கொடுத்துவிட்டார். அது அவருக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. அதுவரை நின்றுகொண்டே இருந்தார். பிறகு முதல் வரிசையிலேயே தொப்பென்று அமர்ந்தார்.

துணை மேயர் எங்களுக்கு இரண்டு வழி சொன்னார். பெயர்களைத் திருத்தி, எல்லாச் சான்றுகளையும் புதிதாக எடுத்துக்கொண்டு வரலாம். சில மாதங்கள் ஆகும். அல்லது இப்போதே தொடரலாம். ஆனால் பதிவேட்டில் கோப்பில் உள்ளபடியே ஏறும்.

"கொஞ்சம் பொறுத்துத் திருத்துவமே?" என்று நான் மெல்லக் கேட்டேன். எனக்கு வெட்கம். மண்டபத்தில் அடுத்த கலியாணத்துக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கூட எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

றெஜினா எழுந்து நின்றாள். சித்தப்பாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னாள்.

"என்னத்துக்குப் பொறுக்கிறது? லண்டன்காரன் வரட்டும் எண்டோ? இந்தப் பேர் உங்கடை கையாலை எழுதினது, இதோடையே கட்டுங்கோ. தேப்பன்மார் ரெண்டு பேரும் தங்களுக்குப் பிள்ளையே இல்லை எண்டு எழுதினவை. ஆக்கள் வராட்டிலும் பேர் வந்து நிக்கட்டும்."

லூயி அண்ணை மொழிபெயர்த்தார். துணை மேயர் சிரித்துக்கொண்டே பட்டியைச் சரிசெய்து, தொடர்ந்தார். நாங்கள் 'கோந்த்ரா' ஏதும் செய்திருக்கிறோமா என்று கேட்டார். இது எனக்குத் தெரிந்த சொல்! ஒப்பந்தம்!

"வுய், மதாம்!" கோட்டுப் பையிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன். "காலவரையறை இல்லாத ஒப்பந்தம். வாரம் முப்பத்தொன்பது மணித்தியாலம்."

லூயி அண்ணை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். துணை மேயர் சீட்டைக் கடைசி வரி வரை வாசித்து, மடித்துத் தந்தார். தான் கேட்டது சொத்து பற்றிய திருமண ஒப்பந்தம் என்றும், ஆனாலும் இதை அறிந்ததில் மணப்பெண்ணுக்கு ஆறுதலாக இருக்கும் என்றும் சொன்னார்.

அதன் பிறகு என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்விக்கு, றெஜினா என் காலை மிதித்த நேரத்தில், சரியாக "வுய்" சொன்னேன்.

வெளியே படிகளில் சித்தப்பா நின்றார். அடி விழும் என்று நான் லூயி அண்ணைக்குப் பின்னால் போனேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"பெட்டை, அண்ணருக்கு நான் என்னத்தையடி எழுதுறது?"

"கலியாணம் நடந்தது, நீங்கள்தான் சாட்சி எண்டு எழுதுங்கோ."

அவர் நாலு படி இறங்கினார். நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"சாப்பாடு எங்கை?"

அன்று அந்தப் பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில், அவர்தான் எல்லோரையும்விடக் கூடுதலாகச் சாப்பிட்டார்.

பெயர்களை நாங்கள் பிறகும் திருத்தவில்லை. மெரி தந்த குடும்பப் புத்தகத்தில் இன்றைக்கும் கந்தையாவும் அருளப்புவும்தான் கணவன் மனைவி. இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் மகனுக்கு ஏதோ அலுவலுக்காகப் பெற்றோரின் திருமணப் பதிவுப் பிரதி தேவைப்பட்டது. என்னிடம் கேட்டால் நான் நிரப்பிவிடுவேன் என்ற பயத்தில் தானே மெரிக்கு எழுதினான். இந்த நாட்டில் பிறந்தவன், எல்லாவற்றையும் முறைப்படி எழுதியிருந்தான்: அம்மாவின் கன்னிக்காலக் குடும்பப் பெயர் அருளப்பு, சொந்தப் பெயர் றெஜினா. மெரியிலோ நான் நிரப்பியபடி அது தலைகீழாக இருந்தது. பதில் வந்தது. இரவுச் சாப்பாட்டு மேசையில் கடிதத்தை விரித்து, பிரெஞ்சில் அறிவித்தான். அந்தப் பெயர்களில் அப்படியொரு திருமணம் பதிவேட்டில் இல்லையாம். நீங்கள் இருவரும் கலியாணம் கட்டவேயில்லை, பாப்பா.

றெஜினா கறிச் சட்டியை மேசையில் வைத்தாள். என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"அப்பிடியே? அப்ப நான் இன்னும் ஓம் சொல்லேல்லை. யோசிச்சுச் சொல்லுறன்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தச் சண்டைக்கும் இதுதான் முடிவு. குப்பையை இறக்க மறந்தாலும், மருந்தை மறந்தாலும், விருந்தாளிகளுக்கு முன்னால் அவளுடைய பேச்சைத் திருத்தினாலும், "நான் இன்னும் யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்பாள். பிள்ளைகள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். போன மாதம் ஐந்து வயதுப் பேத்தி என் மடியில் ஏறி, அம்மம்மா முடிவெடுத்துவிட்டாளா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"இன்னும் இல்லை" என்றேன். "ஆனால் ஆள் இஞ்சைதான் நிக்கிறா."