பொட்டு வைத்த கம்ப்யூட்டரும் போகாத லாரிகளும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று என் புரோகிராம் ஹேங் ஆகித் தொங்கியது உண்மை. அதற்காக மன்னிப்புக் கேட்கும் உத்தேசம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இரண்டாயிரங்களின் நடுவில், ஒரு சின்ன கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு கேட் பாஸ் போடும் வெப் பேஜை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. லாரி நம்பரைத் தட்டினால் வண்டி, கன்டெய்னர், டிரைவர் என்று மூன்று விவரங்களையும் அது ஒரே நேரத்தில் சர்வரிடம் கேட்கும். ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்காது. (இதை ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டிருந்தேன்.) தேறினால் வேலை நிரந்தரம், ஊற்றிக்கொண்டால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

திறப்பு நாளன்று யார்டு மேனேஜர் ஒரு கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். மௌஸுக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கப் போனவரை நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன். நல்ல நேரம் முடிவதற்குள் எல்லாவற்றையும் தொடங்கிவிட வேண்டுமாம். சர்வரில் ஏற்றிவைத்திருந்த பழைய கணக்குகளின் வருட ரிப்போர்ட்டைத் தட்டிவிட்டு, அதே கம்ப்யூட்டரிலேயே கேட் பாஸையும் திறந்தார்.

திரையில் மூன்று பெட்டிகளும் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. வெளியே டிரெய்லர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. வரிசை டோல்கேட் வரை போய்விட்டதாகவே எனக்குத் தோன்றியது. அதில் மூன்றாவது வண்டியை ஓட்டி வந்தவர் என் அப்பா.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். உப்புக் காற்றில் ஒயர் துருப்பிடித்துவிட்டது என்றுகூட அளந்தேன். கடைசியில் பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், பாஸ் பளிச்சென்று வந்தது!

"சார், இதுல வருது சார்! இதுலயே போட்டுக்கலாம்."

"அதுக்குப் பூசை போடலையேம்மா. மொத நாள் பாஸ் பூசை போட்ட மிஷின்லதான் வரணும். சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா எங்களுக்குப் பழைய பேப்பர் சீட்டே போதும், நீ கெளம்பு."

அதற்குள் அப்பா வண்டியிலிருந்து இறங்கி உள்ளே வந்துவிட்டார். "இன்னாம்மா, உன் வேலையா இது? வெளிய அல்லாரும் உன்னத்தான் திட்டிகினு கீறாங்க. நான் உன் அப்பன்னு சொல்லிக்கவே இல்ல."

எனக்கு வந்த கோபத்தில்தான் மூளையே வேலை செய்தது. பக்கத்து மிஷினில் நான் தனி லாகினில் நுழைந்திருந்தேன். பூசை மிஷினில் ரிப்போர்ட்டும் பாஸும் ஒரே லாகின். சர்வர் ஒவ்வொரு லாகினுக்கும் ஒரு ஃபைல் வைத்திருக்கும். முதலில் போன கேள்வி அந்த ஃபைலைப் பூட்டிக்கொண்டால், அது முடிக்கும் வரை மற்ற கேள்விகள் வாசலில் நிற்க வேண்டும். வருட ரிப்போர்ட் அப்படித்தான் பூட்டிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

ரிப்போர்ட்டை நிறுத்தினேன். லாகினைச் சரிபார்த்ததுமே ஃபைலை விட்டுவிடும்படி ஒரே ஒரு வரி சேர்த்தேன். மேனேஜரை மறுபடி ரிப்போர்ட்டைத் தட்டச் சொல்லி, அது ஓடும்போதே பாஸ் போட்டேன். மூன்றும் வந்தன.

"பாத்தியாம்மா, பூசையோட மகிமை!" என்றார் மேனேஜர்.

"பூசை இல்ல சார், நான்!" என்று கத்தினேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். வேலை நிரந்தரமானது.

வீட்டில் மட்டும், எத்தனை தடவை விளக்கியும், அந்த ஒரு வரிக்கு மதிப்பே இல்லை. எங்களுக்குக் குளியலறை ஒன்றுதான். இன்றும் தம்பி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால், அப்பா தோளில் துண்டோடு கதவைத் தட்டுகிறார்:

"டேய், உள்ள இன்னா வருச ரிப்போர்ட்டா ஓடிகினு கீது? ஃபைல வுடுறா!"