இராசநாயகத்தின் கால் மைல்

நாற்பத்தெட்டாவது பிறந்தநாள் காலையில், வாயில் பற்பசை நுரையோடு இராசநாயகம் ஒரு சபதம் எடுத்தார். சாவதற்குள் ஒரே ஒரு தடவை கால் மைலை முழு வேகத்தில் ஓடி முடிப்பது. காலால் அல்ல. அந்த உறுப்பிடம் அவர் எதையும் எதிர்பார்ப்பதில்லை. காரால்.

கார் இருந்தது. கிளென் ஈடன் புறநகர் வீட்டுக் கராஜில் இரண்டு வருடமாக நின்றது. எழுபத்தோராம் ஆண்டு மொனாரோ. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, அகன்ற பின்புறம். குமேயூவில் ஒரு தோட்டக்காரர் அதற்குள் கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். இராசநாயகம் கோழிகளிடமிருந்து அதை மீட்டுவந்து, துருவை வெட்டி, தகடு ஒட்டி, செம்மஞ்சள் வண்ணம் அடித்தார். வெளியே ராஜ களை. உள்ளே எஞ்சினுக்கு மட்டும் தீராத காய்ச்சல். ரயில் கடவையில் இரண்டு நிமிடம் நின்றால் கொதித்துவிடும். கோழிகளின் கைங்கரியம் ரேடியேட்டர் வரை போயிருந்தது.

மனுஷர் பகலெல்லாம் ஹென்டர்சனில் ஒரு பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிப்பவர். நிமிடத்துக்கு நான்கு வாளி விழும். பதினொரு வருடமாக விழுகிறது. அந்தத் தாளத்துக்கு ஆடிப் பழகிய அவருடைய வலது கால், வீட்டில் சாப்பாட்டு மேசைக்குக் கீழேயும் ஆடிக்கொண்டே இருக்கும். மேலே ரசம் தளும்பும். அரிசி மூட்டை ஏற்றும் வெள்ளை ஸ்டேஷன் வாகனில், மோட்டர்வேயின் இடது ஓரத்தில், எண்பது கிலோமீற்றர். அதுதான் அவர் இதுவரை கண்ட வேகம். நின்றால் இருக்க வேண்டும்போலிருக்கும், இருந்தால் எழும்ப வேண்டும்போலிருக்கும். ஒரு கால் மைல் கிடைத்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

மருந்தும் தயாராக இருந்தது. தொழிற்சாலைக்கு எதிரே பழைய கார்களை உடைத்து விற்கும் யார்டில், விபத்தில் முகம் நசுங்கிய ஜப்பான் சொகுசுக் கார் ஒன்று வந்து கிடந்தது. அதன் எஞ்சினுக்கு ஒரு கீறலும் இல்லை. எட்டு சிலிண்டர், நாலு லீற்றர், முப்பத்திரண்டு வால்வு, கம்ப்யூட்டர் மூளை. அதைத் தூக்கி மொனாரோவுக்குள் வைத்துவிட்டால், தெற்கே மெரெமெரெ பந்தயத் தடத்தில் கால் மைலைப் பதினாலு விநாடியில் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

தடை ஒன்றே ஒன்று. பெயர் பத்மாவதி.

பத்மாவதி பக்கத்துப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்தாள். குரலை உயர்த்த மாட்டாள். உயர்த்த வேண்டிய தேவை அவளுக்கு வந்ததில்லை. வேகம் என்ற சொல்லை அவள் முன்னால் எடுத்தால் எஞ்சின் வீட்டு வாசலுக்கே வராது. ஆகவே இராசநாயகம் மூன்று நாள் மூளையைக் கசக்கி ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். வேகமான எஞ்சினை மெதுவான எஞ்சின் என்று சொல்லி அவள் தலையில் கட்டுவது.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போய் எதிரே உட்கார்ந்தார்.

“பத்மா, ஒரு எஞ்சின் கிடக்குது.”

“கராஜிலையும் ஒண்டு கிடக்குதுதானே.”

“அது கொதிக்குது. உம்மை ஏத்திக்கொண்டு போகேக்க வெடிச்சால்?”

“நான் அதில ஏறினதே இல்லை.”

“இனி ஏறுவீர். இது சாதுவான எஞ்சின். பசு.”

“எவ்வளவு வேகம் ஓடும்?”

“ஓடுறதை விடும்! இதின்ர விசேஷமே மெதுவாப் போறதுதான். மின்சார விசிறி, கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கு. ஆள் நடக்கிற வேகத்தில நாள் முழுக்கப் போனாலும் சூடேறாது.”

கீரை ஆய்ந்த கை நின்றது.

“நடக்கிற வேகத்திலையோ?”

“நடக்கிற வேகத்தில.”

“வெய்யிலுக்கையும்?”

“நல்ல வெய்யிலுக்கையும்.”

“பின்னால பாரம் கட்டினாலோ?”

“யானையைக் கட்டினாலும் இழுக்கும்!”

“உண்மையாவோ?”

“பிள்ளையாராணை!”

“அப்ப போடுங்கோ.”

இவ்வளவு சுலபமாக அவர் எதிலும் வென்றதில்லை. வென்ற மயக்கத்தில் அவள் ஏன் அத்தனை கேள்வி கேட்டாள் என்று யோசிக்கவும் இல்லை. யார்டுக்கு ஓடினார்.

அடுத்த ஆறு மாதம் கராஜ்தான் வீடு. புது எஞ்சின் பழைய உடம்புக்குள் இறங்க மறுத்தது. எண்ணெய்த் தொட்டி முன்னச்சில் இடித்தது. தொட்டியை வெட்டி ஒட்டியதும் ஸ்டியரிங் தண்டு குறுக்கே வந்தது. அதைத் தீர்த்ததும் பானட் மூடவில்லை. வயர்களைப் பார்க்க அடுத்த தெரு ரவிசங்கர் வந்தான். கோயம்புத்தூர்க்காரன், கம்ப்யூட்டர் வேலை. சிக்கலாகிக் கிடந்த வயர்க் கத்தையைப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்.

“அண்ணா, இது கார் இல்ல. நாலு டயர் வச்ச கம்ப்யூட்டர்.”

“தம்பி, மெள்ளக் கதையும். அக்காவுக்கு இது பசு மாடு.”

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை எஞ்சின் முதல் தடவையாக உயிர்பெற்று இயங்கியது. கராஜ் கூரைத் தகரம் அதிர்ந்தது. இராசநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ரவிசங்கர் அவரைக் கட்டிப்பிடித்து ஆடினான். மாற்று எஞ்சினைப் பரிசோதிக்கும் என்ஜினியர் வந்து சான்றுத் தகட்டை அடித்துவிட்டுப் போனார். வீதியில் ஓட அனுமதிக்கும் வாரண்டும் கிடைத்தது. மெரெமெரெயில் நவம்பர் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. பந்தயப் படிவத்தை நிரப்பி, மடித்து, எண்ணெய்க் கறை பிடித்த தன் வேலை அங்கியின் உள்பைக்குள் வைத்தார். பத்மாவதியின் கை படாத ஒரே இடம் அதுதான் என்பது அவர் முடிவு.

மிச்சமிருந்தது பந்தயத்துக்குப் புகைக்குழாயைப் பெரிதாக்கும் வேலை மட்டும். காரை ஹென்டர்சனில் ஒரு வெல்டரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். மாலையில் எடுத்து வந்து கராஜில் நிறுத்தி, பின்பக்கம் போய்ப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே குந்திவிட்டார். அந்த அழகான பின்புறத்துக்குக் கீழே, டிரெய்லர் கொளுவும் இரும்புக் குமிழ் ஒன்று பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தது.

“பத்மா! இது என்ன?”

“கொக்கி.”

“அது தெரியுது. ஆர் போடச் சொன்னது?”

“நான்தான் வெல்டருக்குப் போன் பண்ணினனான்.”

“ஏன்?”

“யானை கட்டத்தான்.”

பிறகு விஷயத்தை விளக்கினாள். அவர்களுடைய தமிழ்ச் சங்கத்துக்கு இன்னும் சொந்தக் கோவில் இல்லை. பள்ளிக்கூட மண்டபத்தில்தான் திருவிழா. தேர் என்பது ஒரு படகு டிரெய்லர்; அதன்மேல் சட்டம் அடித்து, பட்டுக் கட்டி, பிள்ளையாரை வைப்பார்கள். போன வருடம் அதைத் தலைவர் குலசிங்கத்தின் வேன் இழுத்தது. நடக்கிற வேகத்தில் போன வேன் பாதி வழியில் கொதித்து ஆவி கக்கியது. அதைச் சாம்பிராணிப் புகை என்று நினைத்துச் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிள்ளையார் முக்கால் மணி நேரம் கார் நிறுத்துமிடத்தில் வெய்யில் காய்ந்தார்.

“இந்த வருசம் எங்கட கார் இழுக்குது எண்டு குலசிங்கம் அண்ணைக்குச் சொல்லிப் போட்டன். பதினேழாந் திகதி.”

இராசநாயகத்தின் வலது கால் ஆட்டத்தை நிறுத்தியது.

“பதினேழு எனக்கு வேலை.”

“ஞாயிற்றுக்கிழமை அங்க வாளி விழாது. கேட்டுப் போட்டன்.”

“எஞ்சின் இன்னும் பழகேல்லை.”

“வாரண்ட் எடுத்தாச்சு.”

“இவ்வளவு மெதுவாப் போனால் அதுக்கு…”

“அதுக்கு?”

மெதுவாகப் போகாது என்றால் அன்று சொன்னது பொய். மெரெமெரெ என்று சொன்னால் அதைவிடப் பெரிய பொய் வெளியே வரும்.

“பிள்ளையாராணை எண்டு சொன்னனீங்கள்,” என்றாள் பத்மாவதி சாந்தமாக. “அவர்தான் வாறார்.”

பதினேழாம் திகதி காலை மொனாரோவின் செம்மஞ்சள் பானட்டில் சந்தனம் அப்பினார்கள். முகப்பு விளக்குகளுக்குப் பொட்டு வைத்தார்கள். சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம். பின்னால் படகு டிரெய்லரில் பிள்ளையார். இராசநாயகம் வேட்டியோடு, மேற்சட்டை இல்லாமல், வெறுங்காலோடு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். தேங்காய் உடைந்தது. பிரேக்கை அரை அங்குலம் விட்டார். தேர் நகர்ந்தது.

அந்த எஞ்சினுக்கு மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை. சும்மா விட்டாலே ஆளை முந்திக்கொண்டு போகும். ஆகவே வழி முழுக்க அவருடைய வேலை பிரேக்கை மிதிப்பதுதான். பத்தடிக்கு ஒரு அர்ச்சனைத் தட்டு. தட்டுக்கு ஒரு நிறுத்தம். வேகத்தைக் காட்டும் முள் பூச்சியத்தை விட்டு எழும்பவே இல்லை. முன்னால் பத்மாவதி கும்பத்தை ஏந்திக்கொண்டு நிதானமாக நடந்தாள்.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் எட்டிப் பார்த்து, ஒருக்கால் உறுமவிடு, மேட் என்று கத்தினார். மனுஷருக்குத் தாங்கவில்லை. கியரை நடுவில் தள்ளிவிட்டு ஒரே ஒரு மிதி மிதித்தார். முப்பத்திரண்டு வால்வும் சேர்ந்து கர்ஜித்தன. கசெட் நாதஸ்வரம் அதில் மூழ்கிப்போனது. பின்னால் வந்த இருநூறு பேரும் புல்லரித்து அரோகரா என்றார்கள். பத்மாவதி ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கால் தானாகப் பிரேக்குக்கு வந்துவிட்டது. அந்த நிமிடம் அவருக்கு அழ வேண்டும்போல் இருந்தது. இந்நேரம் மெரெமெரெயில் பச்சை விளக்கு எரிந்திருக்கும்.

எஞ்சின் கொஞ்சமும் சூடாகவில்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். தேர் பள்ளிக்கூடத்தைச் சுற்றி மண்டப வாசலுக்கு வந்து நின்றதும் குலசிங்கம் ஓடிவந்து மாலை போட்டார். இனி ஆயுளுக்கும் இந்தக் கார்தான் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

ரவிசங்கர் ஜன்னலருகே வந்து குனிந்தான். கையில் ஸ்டாப்வாட்ச்.

“ஒரு மணி பன்னெண்டு நிமிஷம், எட்டு செகண்ட், அண்ணா.”

“இதை ஏன் இஞ்ச கொண்டு வந்தனீர்?”

“அக்காதான் எடுத்துட்டு வரச் சொன்னாங்க.”

பத்மாவதி கும்பத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து, இடுப்பில் செருகியிருந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். தோய்த்து, காயவைத்து, இஸ்திரி போட்ட காகிதம். மெரெமெரெ படிவம்.

“உங்கட அங்கியை அக்டோபரிலையே தோய்ச்சுப் போட்டன். எனக்கு உங்களை முழுசா வேணும், கண்டியளோ. ஆனால் உங்கட ஆசையைக் கெடுக்க மனம் வரேல்லை. பள்ளிக்கூடத்தில மைதானம் அளக்கிற சக்கரத்தால நானே அளந்துதான் தேர் போற இந்த வழியைத் தெரிவு செய்தனான். நானூற்றி ரெண்டு மீற்றர். சரியாக் கால் மைல்.”

இராசநாயகம் படிவத்தைப் பார்த்தார். சந்தனம் அப்பிய பானட்டைப் பார்த்தார். பத்மாவதி முந்தானையால் அவருடைய நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

“ஒண்டு மட்டும். அடுத்த வருசம் கொஞ்சம் மெதுவாப் போங்கோ. பின்னால நடந்து வந்த பங்கஜம் மாமிக்கு மூச்சு வாங்கிப் போச்சு.”